கரையில் ஏற்றவா, தண்ணியில் விடவா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்கா மகன் ப்ளோரிடாவிலிருந்து கூப்பிட்டான். "மாமா, நீங்கதான் பழைய கப்பல் கதையெல்லாம் படிக்கிறீங்களே, ஒண்ணு சொல்லுங்க. செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கேன். வீட்டுக்குப் பின்னாடியே கால்வாய், கடல் தண்ணி. லிப்ட் போட்டுத் தூக்கி வைக்கணுமா, இல்ல தண்ணியிலேயே கட்டிப் போட்டுரலாமா? லிப்ட் விலையைக் கேட்டா படகு விலையே தேவலாம்போல இருக்கு."

காரியாபட்டியில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது! எங்கள் ஊர் வழியாகத் தூத்துக்குடிக்கு லாரி போகும், பஸ் போகும். படகு போனதில்லை. கண்மாய் நிறைகிற வருஷமே எண்ணிச் சொல்லும்படிதான் இருக்கு. சிரித்துவிட்டு, "ரெண்டு நாள் டைம் கொடு" என்றேன். ரெண்டு நாள் ரெண்டு வாரமாகி, இந்தப் பதிவாகிவிட்டது.

முதலில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரத்தையும் தண்ணியையும் பற்றி என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். மாட்டு வண்டி ஓடிய காலத்தில், கோடை வெக்கையில் சக்கரம் காய்ந்து சுருங்கும். ஆரக்கால் ஆடும். மேலே அடித்த இரும்புப் பட்டை கழலப் பார்க்கும். வண்டியைக் கண்மாய்க்குள் இறக்கி ஒரு ராத்திரி நிறுத்தினால் மரம் ஊறி, பட்டை திரும்ப இறுகும். அதேபோல ஏருக்கோ உத்தரத்துக்கோ வெட்டிய மரத்தை உடனே இழைக்க மாட்டார்கள். கண்மாய்ச் சேற்றில் மாசக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பார்கள். மரத்திலிருக்கும் மாவுச்சத்து கரைந்து போவதால் அப்புறம் வண்டு சீந்தாது, உளுக்காது. ஆக, எங்களுக்குத் தண்ணி மரத்தைக் காப்பாற்றுகிற பொருள். வெயில்தான் எதிரி.

கடற்கரைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உப்புத் தண்ணியில் மரத்தைப் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கப்பல் புழு என்று பெயர்தான் புழு; உண்மையில் அது சிப்பி இனம். கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக வந்து மரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டை போட்டு உள்ளே போகும். உள்ளே போனபிறகுதான் வளர்ச்சி. தலைப்பக்கம் இருக்கிற ரெண்டு சின்ன ஓடுகளை அரமாக்கி மரத்தை அராவிக்கொண்டே போகும். முழ நீளம்கூட வளரும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை பலகையாகத்தான் இருக்கும். காலால் மிதித்தால் தேன்கூடு மாதிரி பொத்துக்கொண்டு போகும். கொலம்பஸ் தன் 4ஆவது பயணத்தில் கப்பலெல்லாம் இப்படிப் புழுவரித்து, 1503-ல் ஜமைக்காவில் கரைதட்டவிட்டு ஒரு வருஷம் மாட்டிக்கொண்டு கிடந்தார். 1731-ல் ஹாலந்துக்காரர்கள் கடலைத் தடுக்கும் அணைகளைச் சோதித்தபோது அதன் மரமெல்லாம் உள்ளே கூடாகி இருந்ததைப் பார்த்து அதிர்ந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் ஒரு கப்பலின் அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு அடித்துப் பார்த்ததற்கு இந்தப் புழுவும் ஒரு காரணம்.

இந்தப் புழுவுக்கு ரெண்டு விஷயம் ஆகாது. ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று காய்ச்சல். ஆற்றுக்குள் கொண்டுபோய்ப் படகை நிறுத்தினால் சாகும். கரையேற்றி வெயிலில் போட்டாலும் சாகும். ஓட்டையை அடைத்துக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். வருஷம் முழுக்கத் தண்ணி ஓடுகிற ஆறு இருக்கிற ஊருக்கு முதல் வழி உண்டு. எங்கள் பக்கத்துக் குண்டாறு திருச்சுழி, கமுதியெல்லாம் தாண்டி மூக்கையூர் பக்கம் கடலில் சேர்கிறது என்று வரைபடத்தில் இருக்கும். பெரும்பாலான மாசங்களில் அது மணல்தான். அதை நம்பிப் படகு கட்ட முடியுமா? தமிழ்நாட்டுக் கடற்கரையில் பாதிக்கும் மேலே இதுதான் நிலைமை. மிச்சமிருப்பது கரையேற்றுவது.

ஆனால் கரையேற்றுவதை யோசித்தவர்கள், ஏற்கெனவே இருக்கிற படகை எப்படிக் கரையேற்றுவது என்று யோசிக்கவில்லை. கரையேற்றுவதற்கு வசதியாகவே படகைப் படைத்தார்கள். அதுதான் கட்டுமரம். இது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

சென்னை மாகாண மீன்வளத்துறையில் 1924 வரை வேலை பார்த்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றிய தன் பெரிய ஆய்வை 1920-ல் வெளியிட்டார். கட்டுமரம் என்பது ஓடம் இல்லை என்பதிலிருந்துதான் எதையும் தொடங்க வேண்டும். ஓடமாக இருந்தால் உள்ளே காலியிடம் இருக்கும். அந்தக் காற்றுதான் அதை மிதக்க வைக்கும். கட்டுமரத்துக்கு உள்ளே என்பதே கிடையாது. தணக்கு, மலைவேம்பு மாதிரி லேசான மரத்துண்டுகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியது. அலை மேலே ஏறி வந்தாலும் இடுக்கு வழியாக வழிந்து போய்விடும். கவிழ்ந்தாலும் முழுகாது. ஆனால் மிதப்பதெல்லாம் அந்த மரத்தின் லேசுத்தன்மையால் மட்டும்தான். மரம் தண்ணி குடிக்கக் குடிக்கக் கனக்கும், தாழும். நாள்கணக்கில் தண்ணியிலேயே கிடந்தால் படகு படகாக இருக்காது, மரக்கட்டையாகிவிடும்.

அதனால் கரைக்கு வந்ததும் முதல் வேலை கயிற்றை அவிழ்ப்பது. துண்டு துண்டாக்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுமந்து, அலை எட்டாத மணலில் வெயிலும் காற்றும் படும்படி பரப்பி வைப்பார்கள். மறுநாள் விடியுமுன்னே திரும்பக் கட்டிக்கொண்டு போவார்கள். வீட்டு முன்னால் அவிழ்த்துக் கிடக்கிற விறகு மாதிரி ஒன்று, ஒரு மணி நேரத்தில் கடலுக்குப் போகிற கலமாகும். தேவைப்பட்டால் பெரிதாகவும் ஆகும். நாகப்பட்டினம் பக்கம் கோலா மீன் சீசனில் கூடுதல் மரம் சேர்த்துக் கட்டுவார்கள். லிப்ட் விலையைக் கேட்டு மலைத்த என் மருமகனுக்கு இதைச் சொன்னபோது, "மாமா, அது நம்ம ஐகியா பர்னிச்சர் மாதிரி" என்றான். சரிதான்.

இந்தப் பிரச்சினை நம்ம ஊர் ஏழை மீனவனுக்கு மட்டும் இருந்ததில்லை. கிரேக்கத்து ஏதென்ஸ்காரர்களின் போர்க்கப்பலும் லேசான மரத்தில் செய்ததுதான். வேகம்தான் அவர்களுக்கு முக்கியம். ஆகவே அதையும் தண்ணியை விட்டு எடுத்துக் காயவைத்தே ஆக வேண்டும். பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றிச் சாய்தளத்தோடு கூரை போட்ட கொட்டகைகள் கட்டியிருந்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கடற்படைக் கணக்கில் 372 கொட்டகைகள் இருக்கின்றன. கி.மு. 414-ல் சிசிலித் தீவில் சைரக்யூஸ் நகரத்தை முற்றுகையிட்டுக் கிடந்த தளபதி நிகியாஸ் ஊருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். துசிடிடிஸ் வரலாற்றில் அது இருக்கிறது. அவருடைய பெரிய புலம்பல்களில் ஒன்று: கப்பல்கள் தண்ணியிலேயே கிடந்து ஊறிப்போய்விட்டன, எதிரி எந்நேரமும் பாயக் காத்திருப்பதால் கரையேற்றிக் காயவைக்க வழியில்லை, எதிரியோ வேண்டும்போது காயவைத்துக்கொள்கிறான். மறுவருஷம் அந்தக் கடற்படை முழுக்க அழிந்தது. ஊறின கப்பல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முற்றுகையிட வந்தவனுக்குப் படகு காயவைக்க இடமில்லை, உள்ளே அடைபட்டவனுக்கு இருக்கிறது என்பது எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. கரை யார் கையில் இருக்கிறது என்பதுதான் கதை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. தூத்துக்குடித் தோணியைக் கட்டுமரம் மாதிரி நினைக்கக் கூடாது. அது கனமான பலகையில் கட்டின சரக்குக் கப்பல். ஏராக்கட்டை மேலே வங்குக்கால்கள் நிறுத்திப் பலகை அடிப்பார்கள். அந்த வளைந்த வங்குக்காலுக்கு நாட்டுக் கருவேலம் உகந்தது, எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் நிற்கிற அதே மரம். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்துச் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பேர். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். இப்படிப்பட்ட கலத்தை ரொம்ப நாள் வெயிலில் போட்டால் எங்கள் வண்டிச் சக்கரம் கதைதான். பலகை சுருங்கி, இடுக்கு விரிந்து, கலப்பத்து உதிரும். தண்ணியில் இறக்கினால் ஊறி இறுகும்வரை நாலு பக்கமும் ஒழுகும். ஆகவே தோணி தண்ணியில் கிடக்க வேண்டிய சாதி. மாலத்தீவுப் பயணம் நின்றுபோகிற தென்மேற்குப் பருவக்காற்று மாசங்கள்தான் அதைப் பழுது பார்க்கத் தோதான காலம்.

ராமேஸ்வரம் பக்கத்துப் பாக் நீரிணை வத்தையும் தண்ணியில்தான் கிடக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக. அங்கே கடல் ஆழமில்லாதது, சேறு. ரொம்ப தூரம் முழங்கால் தண்ணிதான். இழுத்துக் கரையேற்ற நினைத்தால் பாதி வழியிலேயே சேற்றில் குந்திவிடும். பெரிய அலையும் கிடையாது. நங்கூரம் போட்டு விட்டுவிட்டு நடந்தே கரைக்கு வரலாம். வாடைக்காற்று அடிக்கும்போதும் புயல் வரும்போதும்தான் வயிற்றில் புளி கரைக்கும். நங்கூரம் அறுந்து ஒன்றோடொன்று மோதி உடைகிற செய்தி அடிக்கடி வரும். பாம்பன்காரர்கள் காற்று மாறும்போது தெற்குப் பக்கம் குந்துகாலுக்குக் கொண்டுபோய் மறைவாக நிறுத்துவார்கள்.

ஆக, தண்ணியிலா கரையிலா என்பதைப் படகுக்காரன் தனியாக முடிவு செய்வதில்லை. மரம் பாதி முடிவு செய்கிறது, கடலடி பாதி முடிவு செய்கிறது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சர்க்கார்.

சென்னை கதை அதற்கு நல்ல உதாரணம். நல்ல என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசிவரை சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலைகளைத் தாண்டி வரும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது; அலை தூக்கி மணலில் அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் பாதியை அடித்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டினார்கள். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் சுவர் நீட்டியதும், தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தடைப்பட்டுச் சுவருக்குத் தெற்கே குவிந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்னத் தொடங்கியது. தெற்கே குவிந்த மணல்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற அகலமான மெரினா. கிராண்ட் டஃப் கவர்னராக இருந்த 1880களில் அங்கே உலாவும் சாலை போட்டு அந்தப் பெயரையும் வைத்தார்.

அந்த மணலில் கட்டுமரங்கள் கிடந்தன. நடுக்குப்பம், அயோத்தியா குப்பம், நொச்சிக்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். 1985-ல் எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகுபடுத்த நினைத்தது. கரையில் கிடக்கிற கட்டுமரத்தையும் வலையையும் அகற்றச் சொன்னார்கள். காற்று வாங்க வருகிறவன் கண்ணுக்கு அது விறகுக் குவியலாகத்தான் தெரிந்திருக்கும். மீனவனுக்கு அது அவனுடைய கொட்டகை. தினமும் அவிழ்த்துச் சுமந்து காயவைக்க வேண்டிய மரத்தை வீட்டிலிருந்து ரெண்டு மைல் தள்ளி வைத்துவிட்டு வா என்றால், மரத்தையும் விடு, கடலையும் விடு என்றுதான் அர்த்தம். எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர்கள் செத்தார்கள். படகை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு உயிர் கொடுத்த ஊர் நம்முடையது. ஏதென்ஸ் கொட்டகைக் கணக்கைத் தேடித் தேடிப் படித்த எனக்கு இது தெரியவே நாற்பது வயசாயிற்று என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். கட்டுமரங்கள் அந்த மணலை விட்டுப் போகவில்லை.

அவை பிறகு போனது போலீசுக்குப் பயந்து இல்லை, ஃபைபருக்கு வழிவிட்டு. 1979-லிருந்து சென்னையில் அலுவலகம் வைத்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்து ஆட்கள், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கீழ், அலையில் இறங்கி மணலில் ஏறக்கூடிய எஞ்சின் படகை வடிவமைக்க வருஷக்கணக்கில் மெனக்கெட்டார்கள். மணலில் ஏறும்போது புரொப்பல்லர் உடையாமல் தூக்கிக்கொள்வதுதான் பெரிய தலைவலி. ஆனால் ஃபைபர் அலையாக வந்தது 2004 சுனாமிக்கு அப்புறம்தான். நிவாரணமாகக் கொடுத்த படகுகளில் பெரும்பகுதி ஃபைபர். அதைப் புழு தொடாது, தண்ணி கனக்க வைக்காது. ஆனால் அவிழ்க்கவும் முடியாது. நாலு பேர் சுமந்த இடத்தில் இருபது பேர் தள்ள வேண்டும், அல்லது டிராக்டர் வேண்டும். பல குப்பங்களில் இப்போது காலையில் முதலில் கேட்பது டிராக்டர் சத்தம். டீசல் செலவில் அதுவும் ஒரு பங்கு.

அந்த டிசம்பர் 26-ஐயும் சொல்லிவிட வேண்டும். கரையில் இருந்த படகுகள் சுக்குநூறாகின. தண்ணியில் இருந்தது தப்பியதா என்றால் அதுவும் இல்லை. நாகப்பட்டினத்தில் கட்டியிருந்த விசைப்படகுகள் அக்கரைப்பேட்டைப் பாலத்து மேலேயும் ஊருக்குள்ளேயும் வந்து கிடந்தன. தப்பியது நடுக்கடலில் இருந்தவைதான்.

இதற்கு நடுவே கரையே குறைந்துகொண்டு வருகிறது. மெரினாவில் நடந்ததுதான் சின்னச் சின்னதாக எங்கும் நடக்கிறது. ஒரு இடத்தில் தூண்டில் வளைவு போட்டால் பக்கத்து ஊர் மணல் போகிறது. அங்கே கருங்கல் சுவர் போடுகிறார்கள். வடசென்னையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பல ஊர்களில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இப்போது கல்தான். கல்லின் மேல் படகை இழுக்க முடியாது. அதனால் அந்த ஊர்கள் துறைமுகம் கேட்கின்றன. துறைமுகம் வந்தால் அதன் சுவர் இன்னொரு ஊரின் மணலைத் தடுக்கும். கேட்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

விசைப்படகுகளுக்குக் கரை கிடைப்பது வருஷத்தில் ஒரு தடவை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்பதற்காக வந்த தடை, படகுகளுக்கு வைத்தியக் காலமாகவும் ஆகிவிட்டது. இழுத்துக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, பலகை மாற்றி இறக்குவார்கள். அந்த வைத்தியம் கிடைக்காத மரப் படகு என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் பிடிபட்ட ராமேஸ்வரத்துப் படகுகளே சாட்சி. ஆளை விட்டுவிட்டுப் படகை வைத்துக்கொண்டார்கள். காரைநகர், காங்கேசன்துறை, தலைமன்னார் என்று தண்ணியிலேயே கவனிப்பாரில்லாமல் கிடந்து பல படகுகள் முழுகின. 2022 பிப்ரவரியில் 105 படகுகளை ஏலத்துக்கு விட்டார்கள். ஒரு படகுக்குப் பின்னால் எத்தனை வீட்டு நகையும் கடனும் இருக்கும் என்று இங்கே சொல்லத் தேவையில்லை.

நான் மூக்கையூர் போயிருந்தபோது, மணலில் ஏற்றி வைத்த ஒரு ஃபைபர் படகின் அடியில் சின்ன ஓட்டையைப் பார்த்துவிட்டு, "ஓட்டையா இருக்கே அண்ணே" என்றேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அது தக்கை போடுற எடம் தம்பி. கரைல இருக்கும்போது உருவி வச்சிரணும். இல்லாட்டி ஒரு மழைல உள்ள தண்ணி ரொம்பிக் கனம் தாங்காம போயிரும். இறக்கும்போது மறக்காமப் போட்டுறணும், அதான் முக்கியம்." எங்கள் கண்மாய் மடைதான் நினைவுக்கு வந்தது. தூக்கினால் திறக்க வேண்டும், நிறுத்தினால் அடைக்க வேண்டும்.

மருமகனுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான். ஃபைபர்தானே என்று தண்ணியில் விடாதே. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் மாசக்கணக்கில் கிடந்தால் அடியில் கொட்டலசு அப்பும். மேல்பூச்சு வழியாகத் தண்ணி ஊறிக் கொப்புளம் கட்டும். அதைத் தடுக்கிற பெயின்டை விடாமல் அடிக்க வேண்டும். நீ வாரம் ஒரு தடவை எடுப்பாயானால் லிப்ட்தான் சரி. தூக்கினதும் தக்கையை உருவு. கம்பிவடம் உப்பில் துருப்பிடிக்கும், பார்த்துக்கொள். சூறாவளி எச்சரிக்கை வந்தால் லிப்டை நம்பாதே, கடல் மட்டம் ஏறினால் படகு தொட்டிலை விட்டு மிதந்து போய்விடும். டிரெய்லரில் ஏற்றி உள்ளூருக்குள் கொண்டு போ.

நேற்று கேட்டேன், "லிப்ட் போட்டாச்சாடா?" என்று. இல்லையாம். கால்வாயில் தூண் நடப் பெர்மிட் வாங்க வேண்டுமாம், விண்ணப்பம் போட்டிருக்கிறானாம். அதுவரைக்கும் படகை டிரெய்லரோடு வீட்டு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறான். தெருவின் அழகு கெடுகிறது, எடுத்துவிடுங்கள் என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறதாம்.